பேட்டரி போடாத 118

முதலில் யார் யார் இருந்தோம், எங்கெங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை எழுதிவிடுகிறேன். இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் மற்ற மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்கலாம்.

இடம், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய கொழுந்து மடுவம். கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகை பசறையிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடத் தூரம். ஜன்னலோர மேசையில் நான் இருந்தேன். பெயர் விஜயலெட்சுமி. தோட்டத்தின் செக்ரோல் கிளாக்கர். பதினேழு வருடமாக ஆட்களின் வரவைப் பதிவதுதான் வேலை. எனக்கு எதிரே, லெப்டொப்பின் முன்னால் ஜுனைதீன். பசறையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். கதவோரம் கவிழ்த்த கூடையின் மேல் தம்பையா கங்காணி. சுவரோர பெஞ்சில் ரெங்கம்மா. தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துச் சனத்துக்காகப் பேச வந்தவர். மொத்தம் நான்கு பேர். 2024 நவம்பர் 21, வியாழக்கிழமை. மாலை 4.15. மழை.

நாங்கள் கூடியது சண்டை போடத்தான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கீழ் லயத்துக்கு மேலே இருப்பது பத்தாம் நம்பர் மலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதில் ஒரு துண்டு சரிந்தது. மறுபடியும் சரிந்தால் பதினான்கு வீடும் அறுபத்தொரு உயிரும் போய்விடும். அதனால் இந்த வருடம் மலையில் பன்னிரண்டு சென்சர்களை நட்டார்கள். இரும்புக் கம்பத்தின் தலையில் ஒரு சாம்பல் பெட்டி, மேலே சின்ன சோலார் தகடு, உள்ளே பேட்டரி, அன்டெனா. மண்ணின் ஈரம், வெப்பம், கம்பத்தின் சாய்வு மூன்றையும் அது அளக்கும். வயர் எதுவும் கிடையாது. மடுவத்தில் வைத்திருக்கும் கேட்வே என்ற பெட்டி கால் மணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றையும் நம்பர் சொல்லிக் கூப்பிடும். அவை பதில் சொல்லும். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நான் பேர் கூப்பிடுவதைப் போலத்தான்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறதல்லவா? ஐந்து மாதத்தில் மூன்று தடவை பொய்யாகச் சைரன் அடித்தது. ஒரு தடவை காட்டுப்பன்றி கம்பத்தில் முதுகைத் தேய்த்தது. ஒரு தடவை பெட்டிக்குள் தண்ணீர். மூன்றாவதற்குக் காரணமே தெரியவில்லை. மூன்று தடவையும் சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். கொழும்பில் இருக்கும் சென்சர் கம்பெனிக்கு நான் பதினொரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு, பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வந்த பதில் இரண்டு. இரண்டிலும் ஒரே வரி: கேட்வேயை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடவும்.

"நாலாவது தடவ அது கத்துனா ஒரு ஆள் வரமாட்டோம் மிஸ்," என்றார் ரெங்கம்மா. "அன்னைக்கு சோத்துப் பானைய அடுப்புல போட்டுட்டு ஓடுனேன். சோறு கருகி, பானையும் போச்சு. மல மட்டும் அப்படியே நிக்குது."

"பன்னி ஒரசுனாலே கத்துற டப்பா," என்றார் தம்பையா. "அதுக்குப் பதிலா அந்தப் பன்னிக்கே சம்பளம் போட்டுக் காவலுக்கு வைக்கலாம்."

"கங்காணி, நான் செஞ்ச டப்பா இல்ல இது," என்றார் ஜுனைதீன். "நட்டுத்தான் குடுத்தன். என்ட கடையில வந்து சண்ட புடிக்காதீங்க."

இன்னொரு விசயம். இதைப் படிப்பவர்கள் மறக்கக் கூடாது.

ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். அளவுகளை எழுத நிர்வாகத்திடம் ஒரு புதுப் புத்தகம் கேட்டேன். தரவில்லை. பழைய செக்ரோலில் மிச்சப் பக்கங்கள் இருக்கின்றன, அதில் எழுதும்படி சொன்னார்கள். சரி என்று, அந்தச் செக்ரோலில் வெட்டப்பட்ட நம்பர்களையே சென்சர்களுக்குக் கொடுத்தேன். வேலையை விட்டவர்கள், இறந்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்களின் நம்பர்கள். வேலையில் இருக்கும் ஆளின் நம்பரோடு குழம்பக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்தேன். மலை உச்சியில் இருப்பது 31. அதற்குக் கீழே 46. இப்படியே இறங்கி, லயத்தின் கூரைக்குப் பக்கத்தில் 92.

பதின்மூன்றாவதாக ஒரு ஸ்பேர் பெட்டியும் வந்தது. உறை பிரிக்காமல் அலுமாரியில் வைத்தேன். தேவைப்பட்டால் உதவும் என்று அதன் மேல் 118 என்று எழுதி ஒட்டினேன். கேட்வேயின் பட்டியலிலும் 118ஐ ஏற்றிவிட்டேன். அதனால் ஒவ்வொரு கால் மணிக்கும் கடைசி வரி இப்படி வரும்: 118 – பதில் இல்லை.

ஐந்து மாதமாக அப்படித்தான் வந்தது.

4.30க்கு கேட்வே வழமைபோல் கூப்பிட்டது. திரையில் வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. ஜுனைதீன் முன்னால் குனிந்தார்.

"மிஸ்... ஸ்பேருக்கு பேட்டரி போட்டீங்களா?"

"இல்லையே."

"அப்ப இது என்ன?"

118 – ஈரம் 100. வெப்பம் 11. சாய்வு 90. சிக்னல் மைனஸ் 121.

மற்றப் பன்னிரண்டிலும் வெப்பம் 17 அல்லது 18. சாய்வு சைபர். சாய்வு 90 என்றால் கம்பம் தரையில் படுத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

சிக்னலைப் பற்றி ஜுனைதீன் ரெங்கம்மாவுக்கு விளக்கினார். சைபருக்குக் கிட்ட வர வர, கருவி நம் கிட்ட இருக்கிறது. மைனஸ் 30 என்றால் மேசை மேல். மைனஸ் 120 என்றால் மலைக்கு அந்தப் பக்கம்.

நான் அலுமாரியைத் திறந்தேன். பெட்டி இருந்தது. உறை பிரியவில்லை. பேட்டரிகள் தனியாக, கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக்கோடு அப்படியே இருந்தன. பெட்டி என் கையிலிருந்து கேட்வேக்கு ஆறு அடி. திரையோ மைனஸ் 121 என்றது.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பன்னிரண்டாவது கடிதத்துக்கு ஒரு விசயம் கிடைத்தது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

4.45. 118 – சாய்வு 90. சிக்னல் மைனஸ் 121.

5.00. 118 – சாய்வு 60.

5.15. 118 – சாய்வு சைபர்.

"படுத்துக் கெடந்தது எந்திரிச்சிருச்சு," என்றார் தம்பையா. சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அதே 5.15க்கு, உச்சியில் இருந்த 31 பதில் சொல்லவில்லை.

5.20க்கு கம்பெனிக்குப் போன் எடுத்தேன். பன்னிரண்டு நிமிடம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு கிஷாந்தன் என்ற தம்பி பேசினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல பிள்ளைதான். ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே மருந்து.

"அக்கா, நீங்கள் ஒருக்கா கேட்வேயை நிப்பாட்டிப் போடுங்கோ."

"தம்பி, பேட்டரி போடாத பெட்டி பதில் சொல்லுது. மேல இருக்கிறது பதில் சொல்லல. மழை வேற. நான் சைரன் அடிக்கணும்."

"அது மூண்டு சென்சர் எச்சரிக்கை குடுத்தால்தான் தானா அடிக்கும், அக்கா. சும்மா நிண்டு போறதை அது எச்சரிக்கையா எடுக்காது."

"கையால அடிக்க ஒரு சுவிட்ச் இருக்கே?"

"அதுக்குப் பாஸ்வேர்ட் வேணும். மனேஜரிட்ட இருக்கு. அவர் மீற்றிங்கில."

"எப்ப வருவார்?"

"தெரியேல்லை அக்கா. ஒரு மெயில் போட்டு விடுங்கோ."

போனை மேசையில் வைத்தபோது மணி 5.41. அறுபத்தொரு பேரின் உயிரைக் கொழும்பில் ஒரு மீற்றிங் அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். கத்த வேண்டும் போல் இருந்தது. கேட்வேயை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். வேறு என்ன செய்வது?

5.45. உயிர் வந்தது. கூப்பிட்டது.

31 – பதில் இல்லை. 46 – பதில் இல்லை.

118 – சிக்னல் மைனஸ் 98.

"மிஸ்..." ஜுனைதீன் மெதுவாகச் சொன்னார். "மேல இருந்து ஒண்டு ஒண்டா நிக்குது. இது ஒண்டு மட்டும் எறங்கி வருது."

நான் சைரனைப் பற்றி ரெங்கம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே எழுந்து நின்றிருந்தார். வெளியே இருட்டிவிட்டது. மழைச் சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை.

6.00. ஐந்து சென்சர்கள் பேசவில்லை.

118 – மைனஸ் 74.

"லயத்துக்குப் பக்கத்துல," என்றார் ஜுனைதீன்.

6.15. ஒன்பது பேசவில்லை.

118 – மைனஸ் 52.

"மடுவத்து வாசல்..."

தம்பையா கூடையை விட்டு எழுந்தார். கதவைத் தள்ளிச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார்.



என் கைக்கடிகாரத்தின் முள் ஓடும் சத்தம் கேட்டது.

பிறகு வாசனை வந்தது. பச்சை மண். ஆழமாகத் தோண்டினால் வருமே... அந்த மண்.

கதவு திறக்கவில்லை. அதை நான்கு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

6.30.

பன்னிரண்டும் பதில் இல்லை.

118 – மைனஸ் 31.

கிணிங்...

மடுவத்தின் நடுவில் பழைய தராசு ஒன்று தொங்குகிறது. வட்ட முகம், கீழே கொக்கி. இப்போது யாரும் பாவிப்பதில்லை. அதன் சங்கிலி ஆடியது.

முள் நகர்ந்தது.

இரண்டு... ஐந்து... ஒன்பது... பதினான்கு கிலோ.

நின்றது.

கொக்கியில் ஒன்றும் இல்லை.

யாரோ கொழுந்துச் சாக்கை மாட்டிவிட்டு, நிறுவையைச் சொல்லச் சொல்லிக் காத்திருப்பதைப் போல... முள் அங்கேயே நின்றது.

கொக்கிக்குக் கீழே சீமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. கூரை ஒழுகவில்லை. நான் மேலே பார்த்தேன்.

"யா அல்லாஹ்," என்றார் ஜுனைதீன்.

எனக்கு அந்த நேரத்தில் எப்படி அந்த யோசனை வந்தது என்று தெரியாது. சைரனுக்கு வர மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் போக மாட்டார்கள். ஆனால் தோட்டத்துச் சனம் ஒன்றுக்கு வரும். பிறந்ததிலிருந்து வந்து பழகியது.

"கங்காணி, பெரட்டு மணிய அடிங்க."

"இந்த நேரத்துலயா மிஸ்? காலையிலதானே..."

"அடிங்க!"

தம்பையா தாழ்ப்பாளை எடுத்துவிட்டு ஓடினார். பெரட்டுக் களம் மடுவத்துக்கு முன்னாலேயே, ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே தொங்கும் தண்டவாளத் துண்டை அவர் அடித்தபோது மணி 6.38.

அவர்கள் வந்தார்கள். திட்டிக்கொண்டு வந்தார்கள். கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, டோர்ச்சோடு, குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். "கிளாக்கரம்மாவுக்குப் பித்துப் புடிச்சிருச்சு." "ராத்திரியில கொழுந்து எடுக்கவா கூப்பிடுறாங்க?" என்ன கூத்து என்று பார்க்கவே முழு லயமும் வந்தது. எனக்கு அது போதும்.

அவர்களை நிற்கவைக்க வேண்டும். வேறு வழி தெரியாமல் செக்ரோலைத் திறந்தேன். ஜுனைதீன் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். 6.55க்கு நம்பர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினேன். பழக்கம் விடுமா? சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். பிள்ளைகள்கூட "இருக்கேன்" என்று கத்தினார்கள்.

"114."

"இருக்கேன்."

"117."

"இருக்கேன் மிஸ்."

அடுத்தது 119. நடுவில் இருப்பதை வெட்டியிருக்கிறேன். பக்கத்தை நகர்த்தினேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"இருக்கேன் மிஸ்."

பெண் குரல். எனக்குப் பின்னால். மூச்சு வாங்க ஓடி வந்த ஆளின் குரல்.

என் பின்னால் இருந்தது மடுவத்தின் வெறும் சுவர்.

களம் முழுவதும் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. ரெங்கம்மாவின் கையிலிருந்த டோர்ச் கீழே விழுந்தது.

"அக்கா..." என்றார் ரெங்கம்மா. "அது எங்க மாரியாயி அக்கா."

7.04.

மலை இரைந்தது.

பெரிய லொறி ஒன்று பின்னால் வருவதைப் போல முதலில். பிறகு அந்தச் சத்தத்துக்குப் பெயர் கிடையாது. கீழ் லயத்து விளக்குகள் அணைந்தன. காற்று வந்து முகத்தில் அடித்தது. மண் வாசனை.

நான் மறுபடியும் எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். அறுபத்தொன்று.

விடிந்து பார்த்தபோது ஒன்பது வீடுகள் இல்லை.

இனி, பிறகு தெரிந்தவை. அவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று. கம்பெனி இந்தத் தடவை உடனே ஆள் அனுப்பியது. கிஷாந்தனே வந்தார். ஸ்பேர் பெட்டியை என் முன்னால்தான் உறை பிரித்துத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. சேர்க்கிட் இல்லை. அன்டெனா இல்லை. "இது கண்காட்சிக்கு வைக்கிற வெறும் கூடு அக்கா," என்றார். "பிழையா ஏத்தி அனுப்பியிருக்கினம்." கேட்வேயில் பதிவாகியிருந்த ஒன்பது பதில்களையும் அவர் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அவர் வாயிலிருந்து நிறுத்திவிட்டுப் போடச் சொல்லும் வார்த்தை வரவில்லை. போகும்போது என்னிடம் ஒன்று கேட்டார். அந்த நம்பரை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பீர்கள் என்று. கணக்குப் பார்த்தோம். ஐந்து மாதம், கால் மணிக்கு ஒன்று. பதினாலாயிரம் தடவைக்கு மேல்.

இரண்டு. ஆறாவது நாள் மண்ணை அள்ளிய பெக்கோ இயந்திரம், பழைய சரிவின் அடியில் நின்றது. கூடைக்குக் கட்டும் தகரத் துண்டு ஒன்று கிடைத்தது. ஆணியால் குத்திய நம்பர் 118. கிடைத்தது தகரம் மட்டும் இல்லை. மற்றதை நான் எழுத மாட்டேன். ரெங்கம்மா அங்கே இருந்தார்.

மாரியாயி ரெங்கம்மாவின் அக்கா. ஒன்பது வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு முதல் நாள் புருசனோடு சண்டை போட்டார். காலை பஸ்ஸில் கொழும்புக்கு ஓடிவிட்டார் என்று தோட்டமே சொன்னது. மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவள் என்று ரெங்கம்மா அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை. பிள்ளையை அவர்தான் வளர்த்தார். அந்தப் பிள்ளை தயானி. அன்று பெரட்டுக் களத்தில் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

மாரியாயி காணாமல் போன அதே நாள் பிற்பகல் பத்தாம் நம்பர் மலை சரிந்தது. அன்று வேலையில் இருந்ததாகப் பதிந்த எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். தேட ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தேடவில்லை.

மூன்று. இதைத்தான் எழுத இத்தனை நாள் எடுத்தது.

பழைய செக்ரோலை எடுத்தேன். 2015 நவம்பர் 9, திங்கட்கிழமை. 118க்கு நேரே சிவப்பு மையில் வரவில்லை என்ற குறி. பக்கத்தில் குறிப்புப் பகுதியில் ஒரு வரி. காலை 6.30க்குப் புத்தகத்தை மூடிவிடுவது தோட்டத்து வழக்கம். பிந்தி வந்தால் பேர் கிடையாது, அன்றைய சம்பளமும் கிடையாது. அந்த வரி இதுதான்:

6.40க்கு ஓடி வந்தார். இருக்கிறேன் என்றார். பதியவில்லை.

எழுத்து என்னுடையது.

எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்த முகம் வரவில்லை. பேர் கிடைக்காமல் போனவர், எப்படியாவது பகலுக்குள் கங்காணியைக் கெஞ்சிக்கொள்ளலாம் என்று கூடையோடு மலைக்கு ஏறியிருக்க வேண்டும். பதினான்கு கிலோ எடுத்திருக்கிறார். தேட ஆள் இல்லை என்ற தாளிலும் என் கையெழுத்துத்தான்.

பன்னிரண்டாவது கடிதத்தை நான் கம்பெனிக்கு எழுதவில்லை. தோட்ட நிர்வாகத்துக்கு எழுதினேன். பிரதி பசறைப் பொலிஸுக்கு. இன்னொரு பிரதி தயானிக்கு. ஒரே பக்கம்தான்.

"2015 நவம்பர் 9 வரவுப் பதிவில் உள்ள பிழையைத் திருத்தும்படி கேட்கிறேன். அன்று 118ஆம் நம்பர், மாரியாயி, வேலைக்கு வந்திருந்தார். பதியாமல் விட்டவள் நான்."

கேட்வேயில் புதுப் பட்டியல் போட்டாயிற்று. 118 அதில் இல்லை. நானே அழித்தேன். தராசையும் கழற்றச் சொன்னேன். தம்பையா அதைத் தொட மாட்டேன் என்கிறார்.

இன்று மாலை கடிதங்களை மடித்து உறையில் போட்டேன். பசை தடவி ஓரங்களை விரலால் அழுத்தினேன். அப்போது எனக்குப் பின்னால் சங்கிலிச் சத்தம்... கிணிங்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நேரத்தை மட்டும் குறித்தேன். 4.30.

தபால் எடுத்துப்போகும் பஸ் வந்து நின்றது. மூன்று உறைகளையும் கண்டக்டரின் கையில் கொடுத்தேன்.